தறிக்காரர் வீட்டில் காது பார்த்த கதை

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்பார்கள். இருக்கட்டும். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசர் நான். ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. கத்தாமல் அங்கே ஒரு பீஸ் நகராது. தெய்வாத்தாள் அக்கா வந்தால் டேபிளே நடுங்குது என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 2008-ல் என் தம்பி மகள் பரணி விஷயத்தில் வந்த கோபம் அந்த ரகம் இல்லை. அது இன்னும் இறங்கவில்லை.

தம்பி ஆறுமுகசாமி சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டுகிறான். வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவில் ஒரே சுவர், அதிலும் ஒரு கதவு, அந்தக் கதவும் எந்நேரமும் திறந்தே கிடக்கும். தறி ஓடும்போது உள்ளே நின்றிருந்தால்தான் அந்தச் சத்தம் தெரியும். காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் விழும். அதனால் அங்கே யாரும் கத்துவதும் இல்லை. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். மிச்சத்துக்குக் கை இருக்கிறது. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. ராத்திரி ஷிஃப்டும் ஓடுவதால் சோறு போடுவது, சண்டை பிடிப்பது, பிள்ளையைக் கொஞ்சுவது எல்லாமே கையும் உதடுமாகத்தான் நடக்கும். என் தம்பிக்கு இத்தனை வருடத் தறியில் காது பாதி போய்விட்டது. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதும் இல்லை. பரணி வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, ஆனாலும் தறி ஓட ஆரம்பித்தால் சட்டென்று கைப்பேச்சுக்கு மாறிவிடுவாள். ஐந்து வயதில் அவள் பிடிக்கிற அபிநயத்தைப் பார்த்துத் தறிக்கு வருகிற ஆட்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்த தப்பு தறிக்காரர் வீட்டில் மட்டும்தான் நடக்கும்.

அந்த வருடம் சித்திரையில் பரணிக்குக் காய்ச்சல் வந்தது. யூகேஜி முடிந்து லீவு விட்டிருந்தார்கள். வாந்தி எடுத்தாள், வெளிச்சத்தைப் பார்த்தால் அழுதாள், கழுத்தை வளைக்க மாட்டேன் என்றாள். விடிகிறதற்குள் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. தம்பியும் அவன் சம்சாரம் சாரதாமணியும் வண்டியில் பிள்ளையை நடுவில் போட்டுக்கொண்டு திருப்பூருக்குப் பறந்தார்கள். இங்கே நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தாயத்துக் கட்டுகிறேன், மந்திரிக்கிறேன் என்று ஒரு நிமிடம் வீணாக்கவில்லை.

மூளைக்காய்ச்சல் என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள், கலங்கலாக இருந்ததாம். கிருமி மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். சாரதாமணி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து முருகா முருகா என்று புலம்பினதைக் கேட்க முடியாமல் நான் வெளியே போய் நின்றுகொள்வேன். பிள்ளை கண் விழித்தாள். பிழைத்தாள். எழுந்து உட்கார்ந்து, தள்ளாடித் தள்ளாடி நடந்தாள். தம்பி பழனிக்கு முடி நேர்ந்துகொண்டான்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று எனக்கு ஷிப்மென்ட், போக முடியவில்லை. சாரதாமணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டர் வேறு எதையோ புரட்டிக்கொண்டே, "கிருமி சுத்தமாப் போயிருச்சு. புள்ளைக்குக் காது நல்லாக் கேக்குதான்னு வீட்ல பாத்துக்கங்க. சந்தேகமா இருந்தாக் கூட்டியாங்க" என்றாராம். அவ்வளவுதான். அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாராம்.

தறிக்காரர் வீட்டில் காது பார்ப்பது எப்படித் தெரியுமா? பார்த்தார்கள். அலட்சியமாக விடவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். தம்பி தறிக்குப் பக்கத்தில் நின்று "பரணி, வா சாமி" என்று உதட்டை அசைத்தான். ஓடி வந்தாள். சாரதாமணி அடுப்படி வாசலில் நின்று சோறு தின்கிறாயா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தறியை நிறுத்திப் பார்த்தார்கள், உடனே திரும்பிப் பார்த்தாள். கேட்கிறது என்று சந்தோஷப்பட்டுக் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள். தறி நின்றால் தரை அதிர்வது நிற்கும், அது உள்ளங்காலுக்குத் தெரியும் என்பதை யார் யோசித்தார்கள்?

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது. சொன்ன பேச்சு கேட்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, திமிர் பிடித்துத் திரிகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினாள். காய்ச்சலில் செல்லம் கொடுத்ததால் வந்த அடம் என்று இவர்களும் நினைத்தார்கள். டீச்சர் முழங்கையில் ஸ்கேலால் போட்டிருக்கிறாள். கேட்காத பிள்ளையை, கேட்கவில்லை என்று அடித்திருக்கிறாள். அந்த ஸ்கேல் என் கையில் கிடைத்திருந்தால் நடந்திருப்பதே வேறு.

ஆடி மாதம் கம்பெனி லீவில் நான் சாமளாபுரம் போனேன். பரணி கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பாவு நூல் சுற்றும் காலிக் கோன்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பகலில் கரண்ட் நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள். பொசுக்கென்று கரண்ட் போனது. தறி எல்லாம் நின்றது. பரணி ஒரு தரம் குடோன் பக்கம் பார்த்துவிட்டு மறுபடி கோனை அடுக்கினாள். தம்பியும் ஆட்களும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். வீடு அமைதியாக இருந்தது.

"பரணி, அத்தை என்ன வாங்கியாந்திருக்கறேன் பாரு கண்ணு" என்றேன்.

திரும்பவில்லை.

"ஏ அம்மிணி, அத்தைமேல கோவமா?"

திரும்பவில்லை. பக்கத்தில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து அவள் முதுகுக்குப் பின்னால் எட்டத்தில் போய் நின்று, ஓங்கிச் சுவரில் எறிந்தேன். அடுப்படியிலிருந்து சாரதாமணி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். தெருவில் போன தம்பி திரும்பி ஓடி வந்தான். பரணி ஆறாவது கோனை ஐந்தாவதன் மேல் வைத்து, விழாமல் நிற்கிறதா என்று பார்த்தாள்.

"டேய், இவளுக்குக் காது கேக்கலைடா!"

"என்னக்கா நீங்க, கேக்குமுங்க. வெளையாட்டுல இருந்தா அப்படித்தான்."

"அப்படின்னா கூப்புடு. பொறகால நின்னு கூப்புடு. மூஞ்சியக் காட்டாத, தரையில காலைத் தட்டாத."

அவன் சிரித்துக்கொண்டே போய் அவளுக்குப் பின்னால் நின்றான். "பரணீ" என்றான். "கண்ணு" என்றான். "சாமி, அப்பனைப் பாரு" என்றான். சிரிப்பு போயிற்று. குரல் உயர்ந்துகொண்டே போனது. கத்திப் பழக்கமில்லாத ஆள், தொண்டை உடைந்து கரகரவென்று வந்தது. தெருவே வாசலில் கூடிவிட்டது. கடைசியில் பரணி எங்கள் நிழல் ஆடுவதைப் பார்த்துத்தான் திரும்பினாள். திரும்பி, எல்லோரும் ஏன் அழுகிறோம் என்று கைஜாடையில் கேட்டாள்.

மறுநாளே அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே டாக்டர்.

"நாங்க சொல்லித்தானே அனுப்புனோம், காதைப் பாத்துக்கங்கன்னு" என்றார்.

"என்னத்தைங்க சொன்னீங்க? தறி ஓடற ஊட்டுல காது கேக்குதான்னு எப்படிங்க பாக்கறது? எங்க ஊட்டுல காது கேக்கறவனும் கையாலதான் பேசுவான், கேக்காதவனும் கையாலதான் பேசுவான்!"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா. இது ஆஸ்பத்திரி."

"காது டெஸ்ட் எடுக்கற ரூம் எங்கீங்க இருக்குது?"

நான் வரும்போதே போர்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கீழ் மாடியில், மருந்துக் கடைக்கு எதிரில். மாடிப்படி இறங்கினால் அந்த அறை. கிருமி மண்டைக்குள் போய் வந்த பிள்ளையை ஒரு தரம் அந்த அறைக்குள் உட்காரவைத்து அனுப்பியிருந்தால் சித்திரையிலேயே தெரிந்திருக்கும்.

"உசுரைக் காப்பாத்தியிருக்கோம். நன்றி இல்லாமப் பேசாதீங்க" என்றார்.

"உசுரைக் காப்பாத்துனதுக்குக் காலைத் தொட்டுக் கும்புடறேனுங்க. கீழ இருக்கற ரூமுக்கு அனுப்பாததுக்கு என்னத்தைத் தொட்டுக் கும்புடறது, நீங்களே சொல்லுங்க!"

தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான். பெரிய மனிதர்களிடம் அப்படிப் பேசக் கூடாதாம். அவன் கையை உதறினேன். அன்றைக்குத்தான் டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதிலும் ஒன்றுமே இல்லை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நரம்பு தேறும், ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். ஆனால் டெஸ்ட் எடுத்த பெண் எங்களை வாசல் வரைக்கும் வந்து நிறுத்தி, "ஆறு மாசமெல்லாம் இருக்காதீங்க அக்கா. இந்தக் காய்ச்சல்ல போன காதுக்கு உடனே பாக்கணும். கோயமுத்தூர் போங்க" என்றாள்.

கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மா. காது மூக்குத் தொண்டை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"கிருமி செத்துருச்சுன்னு சொன்னாங்க. அப்பறம் எப்படிங்க காது போச்சு?"

"கிருமி மட்டும் கெடுக்கலைம்மா. கிருமியை எதிர்த்து நம்ம உடம்பு போட்ட சண்டைதான் பாதிக்கு மேல கெடுத்தது" என்றார். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "மூளையைச் சுத்தி ஒரு நீர் இருக்கு. கிருமி அதுக்குள்ள பூந்திருச்சு. ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுவெல்லாம் அதைக் கொல்ல வந்து குவியும். மருந்து போட்டுக் கிருமி உடைஞ்சு சாகும்போது அதோட துண்டெல்லாம் அந்த நீர்லயே கலக்கும். அதைப் பாத்து உடம்புக்கு இன்னும் வெறி ஏறும். வீங்கும். மூளை வீங்கினா மண்டை ஓட்டுக்குள்ள போக இடம் ஏது? ரத்த ஓட்டம் நசுங்கும், நரம்பு சாகும். திருடனைப் பிடிக்கிறேன்னு ஊரே திரண்டு வந்து நம்ம வீட்டை ஒடச்ச மாதிரி."

"காதுக்கு எப்படிங்க வந்துச்சு?"

"அந்த நீருக்கும் உள்காதுக்கும் நடுவுல ஒரு சின்ன வழி இருக்கு. சண்டை அது வழியா இங்க வந்திருச்சு." படத்தில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு புள்ளியைப் பேனாவால் காட்டினார். "இதுக்குள்ள மயிரிழையை விட மெல்லிசா செல்லுங்க இருக்கும். சத்தத்தை வாங்கறது அதுங்கதான். அதெல்லாம் போயிருச்சு. திரும்ப முளைக்காது."

ஆறு மாதத்தில் நரம்பு தேறும் என்றவனை நான் மனதுக்குள் வைத வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

"அந்த வீக்கத்துக்கு மருந்தே இல்லீங்களா?" என்று தம்பி கேட்டான்.

"இருக்கு. கிருமி மருந்தோட முதல் ஊசிக்கு முன்னாடியோ அது கூடவோ போடணும். லேட்டாப் போட்டாப் பெரிய பிரயோஜனம் இல்லை. எல்லாக் கிருமிக்கும் அது கேக்கவும் கேக்காது."

"எங்க புள்ளைக்குப் போட்டாங்களா?" என்றேன் நான்.

"தெரியலையே. போட்டிருந்தாலும் காது போயிருக்கலாம், போடாமலே தப்பிச்சிருக்கவும் செய்யலாம். அதை இப்ப யாராலும் சொல்ல முடியாதும்மா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் காட்டுவது? கிருமி செத்துப்போனது. உடம்பு என் பிள்ளையின் உடம்பு, காப்பாற்றுகிறேன் என்று சண்டை போட்டது. அதை எப்படி வைவது? நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மா சொன்னதுதான் எங்களை எழுப்பி உட்காரவைத்தது. சண்டை ஓய்ந்த பிறகு உடம்பு புண்ணை ஆற்றுமாம். ஆற்றுகிறேன் என்று அந்த நத்தைக்கூட்டுக்குள் எலும்பாகக் கட்டிவிடுமாம். எலும்பு கட்டிவிட்டால் உள்ளே எதையும் நுழைக்க முடியாது. இப்போது வழி இருந்தால் உள்ளே மெல்லிய கம்பி வைத்து, வெளியே மிஷின் மாட்டி, சத்தத்தை நேராக நரம்புக்கே அனுப்பலாம். இடது காது முழுக்க அடைந்துவிட்டது. வலது காதில் வாசலில் கட்ட ஆரம்பித்திருக்கிறது, உள்ளே இன்னும் வழி தெரிகிறது.

"தள்ளிப் போடாதீங்க. ஒவ்வொரு வாரமும் அடைஞ்சுகிட்டே போகும். ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு காதுக்குமே வெச்சிருப்பேன்" என்றார்.

ரெண்டு மூணு மாதம். கீழ் மாடி அறை. நான் எழுந்து வெளியே போய், ஆஸ்பத்திரிச் சுவரில் கை வலிக்க இரண்டு குத்து குத்திவிட்டு வந்தேன்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு வந்த என் தம்பி வீட்டுக்கு வந்து என்ன செய்தான் தெரியுமா? மாட்டேன் என்றான். டாக்டரம்மா கொடுத்த தேதி நெருங்க நெருங்க ஒவ்வொரு சாக்காக வந்தது. முதலில் பழனிக்குப் போய் முடி எடுத்துவிட்டு வரலாம் என்றான். அப்புறம் உயிர் பிழைத்து வந்த பிள்ளையின் மண்டையைத் திறப்பானேன் என்றான். நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நேரே போய் அவன் தறிக்கு முன்னால் நின்றேன். தறியை நிறுத்தவில்லை அவன். நாங்கள் இரண்டு பேரும் குடோன் சத்தத்தில் கையையும் உதட்டையும் ஆட்டிச் சண்டை போட்டோம்.

"பொட்டப்புள்ள. மண்டையில மெசினை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?"

"அஞ்சு வயசுப் புள்ளைக்கு இப்பவே மாப்பிள்ளை பாக்கறயாடா? பந்தலையும் போட்டுரு!"

"எனக்குந்தான் காது கேக்கல. நான் பொழைக்கலீங்களா? இந்த ஊர்ல பாதிப் பேருக்குக் கேக்கல. தறி ஓட்டறதுக்குக் காது எதுக்குங்க?"

அவன் உதட்டில் நான் அதைத் தெளிவாகப் படித்தேன். தறி ஓட்டுவதற்குக் காது எதற்கு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை, அது வளர்ந்து என்னவாகும் என்று தெரியாத பிள்ளையை, இப்போதே இந்தக் குடோனுக்குள் தள்ளி நிறுத்திவிட்டான். என் கை தானாக மேலே போனது. கூடப் பிறந்தவனை அடித்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது தறி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. கரண்ட் போகவில்லை. சாரதாமணி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அதற்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஓடுகிற தறியைப் பாதியில் நிறுத்தினால் குறுக்கு நூலோடு ஓடுகிற நாடா பாவு நூலுக்குள் மாட்டி எத்தனை இழை அறும் என்று தறிக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா? தெரிந்துதான் நிறுத்தினாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் புருஷன் முன்னால் குரல் உயர்த்தாதவள்.

"நீங்க பேசிட்டீங்க, நங்கையும் பேசிட்டாங்க. நானும் பேசிக்கறேன்" என்றாள். என்னை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள், புருஷனுக்கு அக்கா அல்லவா. "உங்களுக்குக் காது போனது பேச்செல்லாம் வந்து, பெரியாளான பொறகு. என்ற புள்ளைக்கு இப்பத்தான் பேச்சே வந்துச்சு. அது போயிட்டு இருக்குதுங்க. உங்களுக்குத் தெரியல, உங்களுக்குத்தான் கேக்காதே! தண்ணின்னு சொல்றது தண்ணியாட்டம் இல்லை. பாட்டுப் பாடுவா, இப்பப் பாடறதில்லை. நேத்து என்னைக் கூப்புட்டா. அம்மான்னு கூப்புட்டாளா, வேற என்னத்தையாவது கேட்டாளான்னு எனக்கே வெளங்கல. வெளங்காம முழிச்சுக்கிட்டு நின்னேன். அவ என்ற மூஞ்சியப் பாத்துட்டு, வேண்டாம்னு கையைக் காட்டிட்டுப் போயிட்டா."

கடைசியில் அவள் குரல் கீச்சென்று உடைந்தது. தம்பி அறுந்துபோன பாவு நூலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்க வரலைன்னா நானும் நங்கையும் கூட்டிட்டுப் போறோம். கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துருங்க" என்றாள் சாரதாமணி.

"நானும் வாரேன்" என்றான் அவன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அறுந்த இழைகளை முடியக் குனிந்தான். எனக்கு அப்போதும் அவன்மேல் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

மிஷினுக்கு அந்த ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டிரஸ்ட் உதவியது, மிச்சத்தை நாங்கள் புரட்டினோம். அந்தப் பாட்டை இங்கே பாடவில்லை. ஆபரேஷன் நாங்கள் நினைத்ததை விட நீண்டது. டாக்டரம்மா முகமூடியை இறக்கிவிட்டு வந்து, வலது காதின் வாசலில் கட்டியிருந்த எலும்பைத் துளைத்துத்தான் போக வேண்டியிருந்தது என்றார். கம்பி முழுக்கப் போகவில்லை, முக்கால்வாசி போயிருக்கிறது. எவ்வளவு கேட்கும் என்பது மிஷினை மாட்டின பிறகுதான் தெரியும் என்றார். காதுக்குப் பின்னால் பாதித் தலையைச் சிரைத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். தம்பி அதைப் பார்த்துவிட்டு, பழனிக்குக் கொடுக்க வேண்டிய முடி என்று முனகினான். மீதி முடி இருக்குது, அதைக் குடு என்றேன்.

புண் ஆறியதும், ஐப்பசியில், மிஷினை மாட்டக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. ஒரு கம்ப்யூட்டர். ஒரு டெக்னீஷியன் பெண். பரணியைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் மிஷினையும் தலையில் வட்டமான காந்தத்தையும் பொருத்தினாள். சாரதாமணி பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். நானும் தம்பியும் பின்னால் வாசலோரம் நின்றோம். பிள்ளை எங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிடக் கூடாது என்று அந்தப் பெண்தான் அப்படி நிறுத்தினாள்.

கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டினாள். சத்தம் வந்தால் டப்பாவுக்குள் ஒரு கட்டையைப் போடச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். பரணி கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போடவில்லை. அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் கூட்டினாள். போடவில்லை. கண்ணை ஒரு தரம் சிமிட்டினாள், அது சத்தத்துக்கா, பயத்துக்கா, யாருக்குத் தெரியும். சாரதாமணியின் உதடு முருகா முருகா என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "எல்லாமே ஆன் பண்ணிட்டேன். சில குழந்தைங்க முதல் நாள்ல ஒண்ணும் காட்டாது. மெதுவா வரும். வீட்ல அமைதியா வெச்சு நிறையப் பேச்சுக் குடுங்க" என்றாள்.

தம்பி மெதுவாக என் பக்கம் சாய்ந்தான். "எனக்கு அப்பவே தெரியுமுங்க. கேக்கலீங்கக்கா. கெளம்பலாங்க. ராத்திரி ஷிஃப்டுக்கு ஆளு வேற இல்லை."

அவ்வளவுதான். எனக்கு இடம் பொருள் எதுவும் தெரியவில்லை.

"டேய், நீயெல்லாம் மனுசனாடா? ஷிஃப்டு ஷிஃப்டுன்னு அந்தத் தறியைக் கட்டிக்கிட்டு அழுவு! புள்ளை உக்காந்திருக்கறா, அதுக்குள்ள கேக்கலைன்னு முடிவு பண்ணிட்டயா? முன்னாடி கேக்குது கேக்குதுன்னு தேங்கா ஒடச்சவனும் நீதான், இப்பக் கேக்கலைங்கறவனும் நீதான்!"

கம்பெனியில் கடைசி டேபிள் வரைக்கும் போகிற குரல் எனக்கு. வெளி வராந்தாவிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். டெக்னீஷியன் பெண் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

பரணியின் தோள் துள்ளியது. கையிலிருந்த கட்டை கீழே விழுந்து உருண்டது. மிஷின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, எங்கள் பக்கம் வெடுக்கென்று திரும்பினாள்.

"அத்தே! கத்தாதே!"

குழறலாகத்தான் வந்தது. ஆனால் எல்லோருக்கும் விளங்கியது. சாரதாமணி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். தம்பி ஒரு கையால் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றான். டெக்னீஷியன் பெண் கீழே விழுந்த கட்டையை எடுத்து டப்பாவுக்குள் போட்டாள்.

நான் வாயைப் பொத்தினேன். பிறகு பொத்தின கையை எடுத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, தொண்டை கிழிகிற மாதிரி தம்பியை இன்னும் நாலு வார்த்தை வைதேன். பரணி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள்.